முப்பத்தொன்றாவது இடம்

ராக்கம்மா, தோட்டப் பதிவேட்டில் எண் 218. பிறந்த ஆண்டு 1919. ஊருக்கு எதிரே இராமநாதபுரம் மாவட்டம் என்று மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. 1926 பிப்ரவரியில் தாய் தந்தையுடன் மலாயாவின் பினாங்கில் கப்பலிறங்கினார். ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டு வேலையில் சேர்ந்தது 1938. கணவர் சன்னாசி, ரப்பர் ஏற்றிய லாரியில் சென்றுகொண்டிருந்தபோது 1949 அக்டோபர் 17 காலை சாலையோரத் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஒரே மகள் லெட்சுமி. ராக்கம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றது 1974. இறந்தது 1991, செனாவாங்கில் மகள் வீட்டில்.

தோட்டத்துக்குக் காகிதத்தில் புக்கிட் மெலாத்தி என்று பெயர். சிரம்பானிலிருந்து ஒன்பதாவது மைலில் இருந்ததால் ஆட்கள் அதை ஒன்பதாங்கட்டை என்றார்கள். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக மலாயாவில் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தின் இரண்டாம் ஆண்டில், 1950 மார்ச்சில், ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயன்களைச் சுற்றி இரண்டு வரிசை முள்கம்பி வேலி எழுந்தது. அதற்கு ஒரே ஒரு வாசல். மாலை ஏழு மணிக்கு மூடப்படும் அது காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். காட்டில் மறைந்திருந்த கெரில்லாக்களுக்கு அரிசியோ சீனியோ மருந்தோ போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, வேலைக்குப் போகும் ஒவ்வொருவரையும் வாசலில் சோதித்துத்தான் வெளியே விட்டார்கள். ஆண்களைச் சோதிக்கக் காவலர் இருவர் இருந்தார்கள். பெண்களைச் சோதிக்கச் செல்லம்மா ஒருவர்.

1954 மே 3, திங்கட்கிழமை, சென்னைக் கல்லூரி ஒன்றின் வணிகவியல் மாணவர் அறுவர் இந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். கோடை விடுமுறையில் வெளிநாடு சென்று ஒரு தொழிலை நேரில் ஆராய்ந்து அறிக்கை எழுதுவது அவர்களுடைய பாடத்தின் பகுதி. அழைத்து வந்தவர் பேராசிரியர் திருநாவுக்கரசு. மருந்தகத்தில் காலியாக இருந்த வார்டில் நான்கு வாரம் தங்கிக்கொள்ளத் தோட்ட மேலாளரான துரை அனுமதித்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அறுபத்து நான்கு பால்வெட்டுக்காரர்களையும் அவர்கள் கொண்டுவரும் பாலின் எடைப்படி வரிசைப்படுத்தி ஒரு பட்டியல்.

பட்டியலைத் தயாரித்தவர் சந்திரன் என்ற மாணவர். கணிதத்தில் கெட்டிக்காரர். மே மாதத்தின் முதல் பதினைந்து நாட்களின் எடைகளைக் கூட்டி, வேலை நாட்களால் வகுத்து, தட்டச்சு செய்து கொடுத்தார். மே 17 திங்கட்கிழமை, வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் காலைப் பிரட்டில், ஆட்கள் கூடி நிற்க, கணக்கெழுதும் கிராணி மைக்கல்ராஜ் அதைத் தமிழில் படித்தார். அறுபத்து நான்காவதாக வந்த பெயர் ராக்கம்மா. சராசரி, நாளுக்கு முப்பத்து மூன்று ராத்தல் பால். அதோடு துரையின் உத்தரவும் படிக்கப்பட்டது. மாத முடிவில் கடைசியில் இருக்கும் மூவர் பால்வெட்டிலிருந்து நீக்கப்பட்டுப் புல்வெட்டுக்கு மாற்றப்படுவார்கள்.

தண்டனையைச் சம்பளக் குறைவாக மட்டும் பார்த்தால் அதன் முழு அளவு விளங்காது. ராக்கம்மா வெட்டியது குன்றின் மேலுள்ள ஏழாவது நிரை. நானூற்றுப் பத்து மரங்கள். எட்டு ஆண்டுகளாக அவற்றில் வேறொருவர் உளி பட்டதில்லை. எந்த மரத்துக்குப் பட்டை மெல்லியது, எந்த மரத்தில் பால் வடியும் தகரப் பீலி மழைக்குச் சாயும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஜூன் முதல் தேதி அந்த மரங்கள் இன்னொருவர் பெயருக்கு எழுதப்படும்.

அன்று மாலை நான்கு மணிக்கு ராக்கம்மா மருந்தக வார்டின் படியில் வந்து நின்றார். வேலை முடிந்து வந்தவர் கையிலிருந்த உளியை வைத்துவிட்டு வர மறந்திருந்தார். சந்திரன் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏம் பேரக் கடைசில எழுதுன ஆளு யாரு?"

"நான் எழுதலம்மா. கணக்குப் போட்டா அப்படி வந்துது."

"கணக்குக்குக் கையி இருக்கா தம்பி?"

உள்ளேயிருந்த மாணவர்கள் சிரித்தார்கள். சந்திரன் உளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதலா. இது மரத்துக்கு, ஒனக்கில்ல" என்றார் ராக்கம்மா. "எடையப் பாத்த. ஏம் மரத்தப் பாத்தியா? நான் வெட்டுறதப் பாத்தியா?"

"பார்க்கலம்மா."

"பாக்காம எப்படி எழுதுன? ஒங்க ஊருல பொண்ணப் பாக்காமயே கட்டிக்குவாகளோ?"

அறுவரில் ஒரே பெண்ணான இசபெல் வெளியே வந்தார். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர், கைக்கடிகாரம் கட்டியிருந்தார்.

"நான் வரேன் அக்கா. நாளைக்கே வரேன்."

"நீயா பாப்பா? செருப்ப மாத்திக்கிட்டு வா. அட்டை இருக்கு."

மறுநாள் இசபெல் கதவு திறக்கும் முன்பே வாசலில் இருந்தார். செருப்பை மாற்றியிருந்தார், தோளில் துணிப்பையும் போட்டிருந்தார். செல்லம்மா அந்தப் பையைத் திறந்து ஒரு தூக்குச் சட்டியை வெளியே எடுத்தார். வரிசையிலிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னா இது?"

"எலுமிச்சம்பழச் சாதம். மத்தியானத்துக்கு."

"சோறு வெளிய போகக் கூடாதுன்னு தெரியாதா?"

"இது கலந்த சாதங்க. அரிசி இல்லையே."

"அட, காட்டுக்காரனுக்கு எலுமிச்ச புளிக்குமாக்கும்!" என்றார் வரிசையின் முதலில் நின்ற மாரியம்மா. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காவலர் சட்டியை வாங்கி மேசைக்கு அடியில் வைத்தார். சட்டப்படி இசபெல்லைப் போலீஸ் நிலையத்துக்கு வண்டியேற்றி அனுப்பியிருக்க வேண்டும். ஊருக்குப் புதியவர் என்பதால் பெயரை எழுதிக்கொண்டு விட்டுவிட்டார். ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் விருந்தாளி என்ற மரியாதையில் இசபெல்லை முதலில் வெளியே விட்டார்கள். அவர் வேலிக்கு அப்பால் ராக்கம்மாவுக்காகக் காத்திருந்தார்.

காத்திருந்தபோதுதான் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பெண்கள் முப்பத்தொருவர். ஒவ்வொருவரிடமும் செல்லம்மா வாளியைக் கவிழ்த்துப் பார்த்து, கொண்டையை அவிழ்த்து, சேலை மடிப்பைத் தடவி அனுப்ப ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆனது. மாரியம்மா வெளியே வந்தபோது மணி ஆறு இரண்டு. ராக்கம்மா வந்தபோது ஆறு நாற்பத்தேழு. அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

குன்றேற இருபத்தாறு நிமிடம். மாரியம்மாவின் நிரையோ வாசலுக்கு அருகிலேயே இருந்தது. முதல் மரத்தில் உளி வைத்த நேரத்தை ஒப்பிட்டால் மாரியம்மாவுக்கு 6.06, ராக்கம்மாவுக்கு 7.13.

பிறகு இசபெல் பார்த்தது வேறொரு ராக்கம்மாவை. மரத்துக்கு மரம் அவர் நடக்கவில்லை, ஓடினார். நின்ற இடத்தில் பழைய வெட்டில் உறைந்திருந்த பாலை ஒரே இழுப்பில் உரித்தெடுத்து, காகிதம் போல மெல்லிய சீவலாகப் பட்டையைச் சீவி, பால் சொட்டும் கிண்ணமான மங்கைத் துடைத்து வைத்து, அடுத்த மரத்துக்குப் போனார். மரத்துக்கு இருபத்து நான்கு விநாடி. நானூற்றுப் பத்து மரங்களும் முடிந்தபோது மணி 9.58. பத்தரைக்குப் பாலெடுக்கச் சங்கு ஊதியது.

"இதுக்குள்ள ஊதிட்டாங்களா? இன்னும் சொட்டிக்கிட்டிருக்கே" என்றார் இசபெல்.

"அது அப்படித்தான் பாப்பா. சங்குக்குத் தெரியுமா எம் மரம்?"

கடைசியாக வெட்டிய நூறு மரங்களின் மங்குகள் பாதிகூட நிரம்பவில்லை. சங்குக்குப் பிறகு சொட்டுவது மங்கிலேயே உறைந்து, மறுநாள் ஒட்டுப்பாலாக உரிக்கப்படும். இசபெல் எடைக் கொட்டகையில் விசாரித்தார். ராக்கம்மாவின் ஒட்டுப்பால் கூடைதான் எப்போதும் நிறைந்து வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஒட்டுப்பால் பெயர்வாரியாக நிறுக்கப்படுவதில்லை. எல்லார் கூடையும் ஒரே சாக்கில் கொட்டப்படும்.

அடுத்த மூன்று நாள் சந்திரன் வாசலிலும் இசபெல் குன்றிலுமாக நேரங்களைக் குறித்தார்கள். வெளியேறும் ஒவ்வொருவரின் அடையாள அட்டை எண்ணையும் நேரத்தையும் காவலர் வரிசையாக எழுதும் குறிப்பேடு ஒன்று வாசலில் இருந்தது. திரும்பி வரும்போது சரிபார்ப்பதற்காக. சந்திரன் அதை நான்கு ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் புரட்டினார். மற்றப் பெண்களின் இடங்கள் நாளுக்கு நாள் மாறின. ராக்கம்மா வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும் பெண்களில் கடைசி எண் அவருடையது.

"ஏன் அக்கா தினமும் கடைசில நிக்கிறீங்க?" என்று இசபெல் கேட்டார்.

"அது நான் நிக்கிற எடம்" என்றார் ராக்கம்மா. வாளிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பதில் செல்லம்மாவிடமிருந்து கிடைத்தது. அவர் அதைக் குரலைத் தாழ்த்திக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் என்பது போலச் சொன்னார்.

"தாலியறுத்தவ மொகத்துல முழிச்சிட்டு யாரும்மா வேலைக்குப் போவா? அவளாத்தான் ஒதுங்கி நிப்பா. யாரும் சொல்லல."

வேலி வருவதற்கு முன்பு இந்த வழக்கத்தால் பால் குறையவில்லை. அப்போது ஐந்து மணிக்கே ஆட்கள் அவரவர் லயன் வாசலிலிருந்து அவரவர் பாதையில் பிரிந்து போவார்கள். கணவரை இழந்த பின் வந்த ஐந்து மாதமும் ராக்கம்மா லயன்களுக்குப் பின்புறத்து ஒற்றையடிப் பாதையில் யார் கண்ணிலும் படாமல் போய், எல்லோருக்கும் முன்பே குன்றேறியிருக்கிறார். அந்த மாதங்களின் எடை ஏடுகளைச் சந்திரன் எடுத்துப் பார்த்தார். சராசரி நாற்பத்தேழு ராத்தல். ஒரே வாசலும் ஒரே சோதனைக்காரியும் வந்த பிறகு ஒதுங்குவதற்கு ஓர் இடம்தான் மிச்சமிருந்தது. அது வரிசையின் கடைசி.

பேராசிரியர் திருநாவுக்கரசு இந்தக் குறிப்புகளுடன் துரையைப் பார்த்தார். துரை பொறுமையாகக் கேட்டார். வரிசையை ஆட்களே அமைத்துக்கொண்டார்கள், தாம் போடாத உத்தரவைத் தாம் ரத்து செய்ய முடியாது என்றார். ஆனால் நியாயமானவர். மே 24 திங்கள் முதல் 29 சனி வரை ஆறு நாள் எடையைத் தனியாகப் பார்ப்பதாகவும், குறிப்புகள் சரியென்று எடை காட்டினால் பட்டியலைத் திருத்துவதாகவும் ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு பிற்பகல் இசபெல் இதை ராக்கம்மாவிடம் சொன்னார். அவர் லயன் முன்னால் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க முன்னால நின்னா போதும் அக்கா. ஆறே நாள்."

"முன்னால நிக்கிறதுக்குக் காலு இருக்கு பாப்பா. மனசுதான் இல்ல."

"அவங்க திட்டுவாங்கன்னா?"

"திட்டுனா திட்டட்டும். எனக்கே பயமா இருக்கு. எம் மொகத்துல முழிச்சிட்டுப் போயி ஒருத்திக்கு ஒண்ணு ஆயிருச்சின்னா? பாம்பு இருக்கு, காட்டுக்காரன் இருக்கான், கண்ணுமண்ணு தெரியாம சுடுற போலீசு மாத்தா இருக்கான். எதாச்சும் ஒண்ணு நடக்கத்தான் செய்யும். யாரால நடந்துச்சும்பா?"

  சாணைக்கல்லில் உளி போய்ப் போய் வந்தது.

மே 24. ஐந்தே கால் மணிக்கு வாசலில் யாருமில்லை. ராக்கம்மா வந்து கம்பிக் கதவை ஒட்டி வாளிகளை இறக்கி வைத்தார். ஐந்தரைக்கு மாரியம்மா வந்தார். இருட்டு பிரியாததால் முதலில் அவருக்கு ஆள் தெரியவில்லை.

"யாருடி அது, எனக்கு முன்னால... ஏய், ராக்கம்மாவா? ஒனக்கு என்னா, தூக்கத்துல நடக்குற வியாதியா?"

"முழிச்சிட்டுத்தான் நிக்கிறேன் மதினி."

"பின்னால போ."

"இன்னிக்கிப் போகல."

மற்றவர்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரோ முந்தானையால் கண்ணை மறைத்தார்கள். மெட்ராஸ்காரி கெடுத்துவிட்டாள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மாரியம்மாவின் கணவருக்கு வேலை எல்லையோரக் காட்டை ஒட்டி. அந்தப் பயம் அவர் குரலில் இருந்தது.

"எம் புருசன் தெனமும் எல்லைக்குப் போறாருடி. நான் ஒம் மொகத்துல முழிச்சிட்டு வெளிய போனா, அவருக்கு ஒண்ணுன்னா நீயா வந்து நிப்ப?"

ராக்கம்மா திரும்பினார். நான்கு ஆண்டுகளில் அந்த நேரத்தில் அந்த இடத்தில் அவர் முகம் அவர்களை நோக்கியது அதுதான் முதல் முறை.

"சன்னாசி போன அன்னிக்கிக் காலையில அவரு யாரு மொகத்துல முழிச்சாரு, சொல்லு மதினி."

மாரியம்மா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

"எம் மொகத்துலதான். நெத்தி நெறையா பொட்டு. கழுத்துல மஞ்சக் கயிறு. தலையில பூவு. சிரிச்சிக்கிட்டேதான் லாரியில ஏத்தி விட்டேன். அந்த மொகம் நல்ல மொகந்தான? அது என்னத்தக் காப்பாத்திச்சு?"

 தூரத்தில் ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். ஆறு மணிக்குக் காவலர் கதவுத் தாழை இழுத்தார். செல்லம்மா வந்து, முதலில் நிற்பவரைப் பார்த்து, கையை நீட்டாமல் தயங்கினார்.

"நாலு வருசமா எங் கொண்டையக் கடைசியா அவுக்குற செல்லம்மா" என்றார் ராக்கம்மா. "இன்னிக்கி மொதல்ல அவு. உள்ள அதே முடிதான் இருக்கும்."

செல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வா" என்று வாளியை வாங்கினார். அன்றைய குறிப்பேட்டில் ராக்கம்மா வெளியேறிய நேரம் 6.02.

அன்று ஏழாவது நிரையில் வெட்டு 9.13க்கு முடிந்தது. சங்கு ஊதும்வரை ராக்கம்மா மரத்தடியில் உட்கார்ந்து மங்குகள் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடைக் கொட்டகையில் மைக்கல்ராஜ் தராசை இரண்டு முறை பார்த்தார். நாற்பத்து நான்கு ராத்தல். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அளவுகோடிட்ட பால் கண்ணாடியை அதற்குள் இறக்கினார். பால் கெட்டியாகவே இருந்தது.

"என்னா ராக்கம்மா, பக்கத்து நிரையில களவாண்டுட்டியா?"

"ஒங்க தராசு இன்னிக்கித்தான் கண்ணு முழிச்சிருக்கு கிராணியாரே."

ஒன்பதாங்கட்டையில் அன்று யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. மாரியம்மாவின் கணவர் வழக்கம் போல இரண்டு மணிக்குத் திரும்பினார். வழக்கம் போல மீன் இல்லையென்று மனைவியிடம் சண்டை போட்டார். அந்தச் சத்தத்தைப் பக்கத்து லயன்கள் நிம்மதியோடு கேட்டன.

செவ்வாயன்று பெண்கள் ராக்கம்மாவைப் பார்க்காமல் தலையைக் குனிந்தபடி வாசலைக் கடந்தார்கள். அப்படிப் போனதில் ஒருவர் மற்றொருவரின் வாளியில் இடறி, மாரியம்மா வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு காவலரின் தொப்பியைத் தட்டிவிட்டது. புதன்கிழமை அந்தத் தொப்பியைப் பற்றிப் பேசிச் சிரித்ததில் தலை குனிய மறந்தார்கள். வியாழனன்று தூறல், எல்லோருக்கும் பால் குறைந்தது. அது ராக்கம்மாவால்தான் என்று யாராவது சொல்வார்கள் என இசபெல் எதிர்பார்த்தார். யாரும் சொல்லவில்லை. வெள்ளியன்று குன்று நிரைகளில் வெட்டும் மற்ற நான்கு பெண்கள் தாங்களாகவே ராக்கம்மாவுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பெரும்பாலும் முதலில் நிற்கும் மாரியம்மா ஆறாவதாக நின்றார்.

"எனக்கென்னா, மரம் வாசல்லயே இருக்கு. தூரத்துக்காரி மொதல்ல போங்கடி" என்றார், தாமே அந்த யோசனையைக் கண்டுபிடித்தவர் போல. "ஆனா ஒண்ணு ராக்கம்மா, தீவாளிக்கு மறுநா நான்தான் மொதல்ல."

"தீவாளிக்கு மறுநா நீ எந்திரிச்சாத்தான மதினி!"

ஆறு நாள் எடை: 44, 46, 47, 43, 48, 48. சராசரி நாற்பத்தாறு. சனிக்கிழமை பிற்பகல் சந்திரன் புதிய பட்டியலைத் தட்டச்சு செய்தார். அறுபத்து நான்கு பேரில் ராக்கம்மா பதினொன்றாவது. இந்த முறை எடைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியும் இருந்தது: முதல் மரத்தில் உளி வைத்த நேரம். குன்று நிரைக்காரர்கள் நால்வரும் மேலேறியிருந்தார்கள். துரை பட்டியலை நெடுநேரம் பார்த்தார். யாரையும் புல்வெட்டுக்கு மாற்ற வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். செல்லம்மாவுக்குத் துணையாக இன்னொரு சோதனைக்காரியை நியமிக்கவும் ஒப்புக்கொண்டார். அது ஜூலையில் நடந்தது.

பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டினால் போதும் என்று மைக்கல்ராஜ் நினைத்திருந்தார். ராக்கம்மா அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார்.

"கடைசின்னு பிரட்டுல சத்தமாத்தான படிச்சீங்க? இதையும் அங்கயே படிங்க."

மே 31 காலை ஐந்து மணி ஐம்பது நிமிடத்துக்கு மைக்கல்ராஜ் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். பதினொன்றாவது பெயர் வந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. முதலில் எழுப்பியது மாரியம்மா. காவலர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டு, பிறகு அசட்டுச் சிரிப்போடு இறக்கினார். பேராசிரியரும் மாணவர்களும் மூட்டைகளோடு லாரியருகே நின்று கேட்டார்கள். சந்திரன் கை தட்டினார்.

"தம்பி" என்று ராக்கம்மா அவரைக் கூப்பிட்டார். "இப்ப ஒங்க கணக்குக்குக் கையி மொளைச்சிருச்சு."

பிறகு இசபெல்லை அருகே கூப்பிட்டார். கைப்பிடி தேய்ந்த தம்முடைய பழைய உளி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். வாசலில் செல்லம்மா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சோறில்லை என்று சொல்லி அனுப்பி வைத்தார்.

காவலரின் குறிப்பேட்டின்படி 1954 ஜூன் மாதத்தில் வேலை நாட்கள் 26. ராக்கம்மா முதலாவதாக வெளியேறிய நாட்கள் 26.